"சொன்னாங்களே, வரலையே?": கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். முன்பு கோல் எடுக்க வந்தார்கள். இப்போது போட்டோ கொப்பி எடுக்க, படிவம் நிரப்ப, கந்தோருக்குக் கடிதம் டைப் பண்ண வருகிறார்கள். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கு நிறைய ஆட்கள் இருப்பார்கள். கடிதம் பிரிண்ட் ஆகி வெளியே வருவதற்குள் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். சுற்றி வளைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரே கேள்விதான்: அரசாங்கம் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது?

நான் சட்டம் படித்தவன் இல்லை. பதினேழு வருடமாக மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதியதில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே போட்டிருக்கிறேன்.

"எவன் வந்தாலும் நாமதான் கொழுந்து எடுக்கணும். அப்புறம் எதுக்குத் தம்பி வோட்டு?"

வோட்டு இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் நாம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து நம் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் நம் பக்கத்திலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. மறுபடியும் மக்கள் வாக்கில் ஒருவர் போக 1977 ஆனது. நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகச் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார்.

இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1964 ஒக்டோபரில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 975,000 பேரைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். அந்த மீதியையும் 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கையெழுத்துப் போடும் முன் இந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை, படிவம் பிறகுதான் வந்தது. என் பாட்டியின் தங்கை தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. வோட்டுப் போட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வோட்டுள்ள இலட்சக்கணக்கான பேரை இப்படி மேசையில் வைத்துப் பிரிக்க எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வந்திருக்காது.

"பட்ஜெட்ல சொல்லிட்டாங்க, டிவியிலயும் வந்துச்சு. அப்ப சம்பளம் கூடிருச்சுதானே அண்ணே?"

இன்னும் இல்லை. டிவியில் வந்தது செய்தி மட்டும்தான். எந்த அறிவிப்பையும் நான் நாலு படியில் வைத்துப் பார்ப்பேன். மேடையில் சொன்னது முதல் படி. எழுத்தில் வந்தது, அதாவது வர்த்தமானியிலோ சுற்றுநிருபத்திலோ வந்தது, இரண்டாவது. அதற்கான பணத்தை ஒதுக்கியது மூன்றாவது. உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது நாலாவது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை நம் சம்பளக் கதையே காட்டும்.

2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று கூட்டு ஒப்பந்தத்தில் முடிந்தது. 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி, மார்ச் 1 முதல் ஆயிரம் ரூபா என்றார். அந்த மார்ச்சில் வரவில்லை. 900 ரூபாவும் 100 ரூபா வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவுமாகச் சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில்தான். ஒரு வருடம். அதற்குப் பிறகு பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டிவிட்டார்கள், கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டார்கள். 2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானியே வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. ஆக, இரண்டாவது படி ஏறிய விஷயம்கூடச் சறுக்கலாம்.

2025 நவம்பரில் வாசித்த 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,350 ரூபாவை 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவாக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா தருவதாகவும், மொத்தம் 1,750 என்றும் சொன்னார்கள். இவை இரண்டும் ஒரே பையிலிருந்து வருவதில்லை. முதலாவது கம்பனி தர வேண்டியது, இரண்டாவது அரசாங்கம் தர வேண்டியது. சம்பளத் துண்டில் இரண்டும் தனித்தனி வரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டைக் கொழுந்துக் கூடையில் போட்டு நனைய விடாதீர்கள். நாளைக்கு எதைக் கேட்பதென்றாலும் அந்தத் துண்டுதான் கையில் இருக்கும்.

"வர்த்தமானின்னா என்ன? நாமளும் பார்க்கலாமா?"

அரசாங்கம் தன் முடிவை அச்சில் போட்டு நாட்டுக்கு அறிவிக்கிற பத்திரம். வெள்ளிக்கிழமைகளில் வருவது சாதாரணம், அவசரத்துக்கு இடையில் வருவது அதிவிசேடம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் உண்டு. அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். ஃபோனில் தேடத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், அல்லது கடைக்கு வாருங்கள். ஒரு அரசியல்வாதி "வர்த்தமானி வந்துவிட்டது" என்றால் இலக்கத்தையும் திகதியையும் கேளுங்கள். உண்மையாகவே வந்திருந்தால் இரண்டையும் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருக்காது.

"ஈ.பி.எஃப் மாசாமாசம் வெட்டுறாங்க. அது போய்ச் சேருதான்னு எப்படித் தெரியும்?"

ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். 1958 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி, வசூலைக் கவனிப்பது தொழில் திணைக்களம். ஆகவே தோட்ட ஒபிஸில் "போட்டாச்சு" என்று சொன்னால் அது பதிலாகாது. அங்கத்துவ இலக்கத்தோடு கணக்கு அறிக்கையை எடுத்து, சம்பளத் துண்டில் வெட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்ட மாதம் இருந்தால் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஓய்வு பெறுகிற மாதம்வரை காத்திருந்து பார்த்தால் இருபது வருடத்துக் குழப்பத்தை ஒரே நாளில் அவிழ்க்க வேண்டிவரும். அப்படிக் கடைக்கு வந்து அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

"அடிக்கல் நட்டாச்சு, போர்டும் வச்சாச்சு. வீடு எப்ப வரும்?"

அடிக்கல்லை நான் முதல் படியில்தான் வைக்கிறேன். அது கல்லில் செய்த மேடைப் பேச்சு. இந்திய வீடமைப்புத் திட்டத்தையே பாருங்கள். முதலில் 4,000 வீடுகள் என்று தொடங்கியது. 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் வைத்து இன்னும் 10,000 வீடுகள் என்றார். நானும் அந்தக் கூட்டத்தில் வெயிலில் நின்றேன். அந்தப் பத்தாயிரத்தில் 2,000 பயனாளிகளுக்குப் பத்திரம் கொடுக்கும் விழா பண்டாரவளையில் நடந்தது 2025 ஒக்டோபரில். நோர்வூட்டில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரம் எழுதப் போகிற வயதில் இருக்கிறார்கள்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் நிலம். தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்ததை 1992 இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் கொடுத்து, 53 வருடக் குத்தகை எழுதினார்கள். அது 2045 வரை போகும். வீடு கட்ட இடம் வேண்டுமென்றால் கம்பனி விடுவிக்க வேண்டும், நில அளவை நடக்க வேண்டும், மண்சரிவு ஆபத்து இல்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும். ஆகவே அடிக்கல் நட்டவரிடம் "எப்ப வீடு?" என்று கேட்காதீர்கள். "காணியை விடுவித்த கடிதம் எங்கே? பயனாளிப் பட்டியல் எங்கே? இந்த வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் நம்பிக் காத்திருக்கலாம்.

"உறுதின்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. அது உறுதியா, சும்மா பேப்பரா?"

இந்தக் கேள்வி என் வீட்டிலேயே வந்தது. ஒரு விழாவில் அம்மாவுக்குக் காணி உறுதி என்று ஒரு பத்திரம் கிடைத்தது. தங்கநிறக் கரை, முத்திரை, சிரிக்கிற படம் ஒன்று. 7 பேர்ச்சஸ் என்று எழுதியிருந்தது. நான்தான் என் கடை மெஷினில் லெமினேட் பண்ணிக் கொடுத்தேன். அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று வருடம் கழித்து தம்பியின் படிப்புக்குக் கடன் எடுக்க ஒரு வங்கிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில் காணி எங்கே இருக்கிறது என்றே இல்லையே" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது இது. உறுதி என்றால் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்க வேண்டும். நில அளவை வரைபடத்தின் இலக்கம், துண்டு இலக்கம், நாலு பக்க எல்லை இருக்க வேண்டும். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், கொடுக்க அவருக்கு என்ன அதிகாரம் என்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காணிப் பதிவகத்தில் பதிந்த இலக்கம் இருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் பத்திரத்தை வீசிவிடாதீர்கள், அது வாக்குக் கொடுத்ததற்கு ஒரு சாட்சி. ஆனால் அதை நம்பி அத்திவாரம் வெட்டாதீர்கள். அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி, 10 பேர்ச்சஸ் என்றால் சுமார் 2,720. மேடையில் பேர்ச்சஸ் கணக்குச் சொல்லும்போது மனத்தில் பெரிய தோட்டம் விரிகிறது. நிலத்தில் கயிறு பிடித்துப் பாருங்கள்.

"ரோடு கேட்டா சபை தோட்டத்தைக் காட்டுது, தோட்டம் சபையைக் காட்டுது. யாரைப் போய்ப் பிடிக்கிறது?"

முன்பு சபை சொன்னதில் சட்ட நியாயம் ஒன்று இருந்தது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் பணத்தைத் தாராளமாகச் செலவிட விடவில்லை. நம் வோட்டில் உறுப்பினர் வருவார், ஆனால் நம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகிற பாதைக்கு ஒரு ட்ரக்டர் கல் போட முடியாது. முப்பது வருடம் இப்படியே போனது. 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே வருடத்துத் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன.

ஆகவே இன்றைக்கு "தோட்டத்துக்குச் செய்யச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் அப்படி எழுதிக் கொடுத்த கடிதங்களுக்கு ஒருமுறைகூட "சட்டம் இல்லை" என்று பதில் வந்ததில்லை. "நிதி இல்லை" என்றுதான் வந்தது. அது வேறு வாதம், அதற்குச் சபையின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம்.

"டி.எஸ் ஒபிஸ்ல இருந்து சிங்களத்துல மட்டும் கடிதம் வந்தா?"

டி.எஸ் ஒபிஸ் என்கிற பிரதேச செயலகத்துக்கு, தமிழில் தரச் சொல்லித் திருப்பி எழுதுங்கள். 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளிலும் நிர்வாகம் இரண்டு மொழியிலும் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடம் வாசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை; திகதி தவறிவிடக் கூடாது. ஆனால் விளங்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"தகவல் அறியும் சட்டம் பேப்பர்காரங்களுக்குத்தானே? நமக்கெங்க?"

உங்களுக்கும்தான். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் எந்த அரச கந்தோரிலும் தமிழில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே கந்தோரின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம். "எங்க ரோட்டை ஏன் போடல?" என்று கேட்டால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். "ஏன்" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். இருக்கிற பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள்: மதிப்பீட்டின் பிரதி, கொந்தராத்து ஒப்பந்தத்தின் பிரதி, கடைசிப் பில்லின் பிரதி. நாலு படியில் எந்தப் படியில் விஷயம் நிற்கிறது என்பது அந்தப் பிரதிகளில் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்து டிவிசனில் கொங்கிரீட் பாதை ஒன்று போட்டார்கள். போர்டில் 250 மீட்டர். ஓய்வு பெற்ற கங்காணி ஐயா ஒருவர் கடைக்கு வந்து, "எனக்கு அது 250 மாதிரித் தெரியல மகன்" என்றார். விண்ணப்பம் போட்டோம். ஆறு வாரத்தில் பில்லின் பிரதி வந்தது, அதிலும் 250 என்றே இருந்தது. ஐயா 25 மீட்டர்க் கயிறு ஒன்றை அளந்து வெட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளை இரண்டு முனையிலும் பிடிக்க வைத்தார். ஏழு கயிறுக்குப் பாதை முடிந்துவிட்டது, 175 மீட்டர். பில்லையும் அளந்த கணக்கையும் வைத்துச் செயலாளருக்கு எழுதினோம். இரண்டு மாதத்தில் ஆட்கள் வந்து இன்னும் 50 மீட்டர் போட்டார்கள். கடைசி 25 மீட்டர் இன்னும் சேறாகவே கிடக்கிறது. ஐயா அதற்கும் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

"கேள்வி கேட்டா அஸ்வெசும பேரை வெட்டிருவாங்களோன்னு பயமா இருக்கு புள்ள."

இதை ஓர் அம்மா என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அஸ்வெசும என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் உதவிப் பணம். இந்தப் பயத்தை நான் லேசாக எடுப்பதில்லை. கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து இல்லாமல் பிள்ளைக்கு அடையாள அட்டைகூட எடுக்க முடியாத வாழ்க்கை நம்முடையது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது.

சொல்லக்கூடியது இரண்டு. அஸ்வெசும ஒருவருடைய கருணை இல்லை. 2002 ஆம் ஆண்டு நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 இல் தொடங்கிய திட்டம். தெரிவுக்கு அளவுகோல் உண்டு, விடுபட்டால் மேன்முறையீடு உண்டு. பேர் வெட்டினால் எந்த அளவுகோலில் வெட்டினார்கள் என்று மேலே சொன்ன தகவல் அறியும் சட்டத்திலேயே கேட்கலாம். இன்னொன்று, தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தகவல் சட்டத்தில் பிரஜை என்பதில் அமைப்புகளும் அடங்கும். அங்கத்தவரில் நாலில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் போதும், பதிவு செய்திருக்கவும் தேவையில்லை. நம் மரண உதவிச் சங்கத்தின் பேரில் கேட்கலாம். கோயில் கமிட்டியின் பேரில் கேட்கலாம். நாற்பது குடும்பம் சேர்ந்து கேட்ட கடிதத்தில் வெட்டுவதற்குத் தனியாக ஒரு பேர் அகப்படாது.

"தலைவர் பார்த்துக்குவாரு. யூனியனுக்குச் சந்தா கட்டுறோம்தானே?"

கட்டுங்கள். தொழிற்சங்கம் இல்லாமல் நாம் இங்கே வரை வந்திருக்க மாட்டோம், அதை மறந்து பேசுகிற இளம் பிள்ளைகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்திலிருந்து 2021 இல் கம்பனிகள் விலகிவிட்டன. சம்பளம் இப்போது சம்பள நிர்ணய சபைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு வேறு பல வேலை நிபந்தனைகளும் இருந்தன. அவற்றுக்கு இப்போது என்ன பாதுகாப்பு என்று தலைவரைக் கேளுங்கள்.

சங்கமும் அதிகாரம்தான். அரசாங்கத்துக்கு வைக்கிற அதே நாலு படியை அதற்கும் வைக்க வேண்டும். பதிவு பெற்ற சங்கம் வருடா வருடம் தன் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். சம்பளத் துண்டில் சந்தா வெட்டிய வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டிக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

"மாகாண சபைன்னு ஒன்னு இருந்துச்சே, அது எங்க அண்ணே?"

சட்டத்தில் இருக்கிறது, ஆட்கள் இல்லை. மத்திய மாகாணத்தில் நாம் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். 2018 இல் அதன் காலம் முடிந்தது. ஊவாவில் கடைசித் தேர்தல் 2014 இல். 2017 இல் தேர்தல் முறையை மாற்றப் போய், எல்லை நிர்ணயம் முடியாமல் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் மாகாணத்தைப் பார்க்கிறார். நம் தோட்டப் பள்ளிக்கூடங்களில் மிகப் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ் வருபவை. ஆகவே கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று சொல்ல, நாம் தெரிவு செய்த ஒருவர் அந்த மட்டத்தில் இல்லை.

பிரதேச சபைத் தேர்தலுக்கும் இதே நிலை வரப் பார்த்தது. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடக்க வேண்டியதைப் பணம் இல்லை என்று தள்ளினார்கள். சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஓகஸ்டில், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பு வந்தது. 2025 மே 6 ஆம் திகதி வாக்களித்தோம். பணம் இல்லை என்பதை அப்படியே கேட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டில் இருந்திருந்தால் அதுவும் மாகாண சபையைப் போலவே ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா, நல்லது செய்யிறவங்களும் ஓடிருவாங்களே?"

இது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு நாளானது. நல்லதும் நடந்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில், 1964 ஒக்டோபரிலிருந்து இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. நாற்பது ஐம்பது வருடம் நாடில்லாமல் இருந்த என் மாமா அடையாள அட்டையைக் கையில் வாங்கியதை நான் பார்த்தேன். 2018 திருத்தத்தைப் பற்றி மேலே சொன்னேன். இவை நாலு படியும் ஏறி வந்த விஷயங்கள். ஏறி வந்ததை ஏறி வந்தது என்று சொல்லவும் வேண்டும், செய்தவரைப் பேர் சொல்லிப் பாராட்டவும் வேண்டும்.

என் அனுபவத்தில் நேர்மையாக வேலை செய்கிற உத்தியோகத்தருக்கு நம் கடிதம் உதவியாகத்தான் இருக்கிறது. "மேலே காட்ட எனக்கும் ஒரு கடிதம் வேணும், எழுதிக் குடுங்க" என்று ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரே என்னிடம் கேட்டிருக்கிறார். சந்தேகம் என்றால் திட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்கு வந்து எல்லாக் கட்சியையும் திட்டிவிட்டு, ஒரு கடிதமும் எழுதாமல் போகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவரால் யாருக்கும் தொந்தரவில்லை, ஏமாற்றுகிறவருக்கும்கூட.

"மலை வெடிச்சிருக்குன்னு வந்து பார்த்துட்டுப் போனாங்க. பேப்பர் ஒன்னும் தரல. இப்ப என்ன செய்யிறது?"

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கந்தோரில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி என்று மலை முழுக்கச் சரிந்தது. அந்த வாரம் எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. இரவில் மலை எழுப்பிய சத்தத்தை என் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.

மழை பெய்யும்போது பேப்பருக்காகக் காத்திருக்காதீர்கள். சுவரில் வெடிப்பு, மரம் சாய்வது, புதிதாகச் சேற்றுத் தண்ணீர் ஊறுவது தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மழை விட்ட பிறகு பேப்பர் வேலை. வந்து பார்த்தவர்களின் அறிக்கையின் பிரதியை அந்த நிறுவனத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கேளுங்கள். கேட்பவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்புள்ள தகவலுக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அதே தகவல் சட்டத்தில் இருக்கிறது. "இது எங்கள் உயிர் சம்பந்தமானது" என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு 50 இலட்சம் ரூபா வரை என்று அறிவித்தார்கள். லயம் நம் பேரில் இல்லாததால் தோட்டக் குடும்பங்களுக்கு நிலம் எங்கே என்ற கேள்வி முதலில் வருகிறது. அதற்கு வீடு பற்றிய பதிலில் சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும்.

எங்கள் டிவிசனுக்கு மேலே உள்ள மலையிலும் ஒரு வெடிப்பு இருக்கிறது. வந்து அளந்தார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள், போனார்கள். மரண உதவிச் சங்கத்தின் பேரில் 31 குடும்பங்கள் கையெழுத்து வைத்து அறிக்கையின் பிரதியைக் கேட்டிருக்கிறோம். பதிவுத் தபால் ரசீது கடை லாச்சியில் இருக்கிறது. 48 மணித்தியாலம் எப்போதோ போய்விட்டது. 14 வேலை நாள் அடுத்த வியாழக்கிழமையோடு முடிகிறது. மேன்முறையீட்டுக் கடிதத்தை டைப் பண்ணி வைத்துவிட்டேன், திகதி மட்டும் போட வேண்டும்.